திருச்சி விமான நிலையத்துக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

எங்கள் ஊர் அறந்தாங்கிக்குப் பக்கம். தெருவில் நாலு வீடு இருந்தால் ஒரு வீட்டு ஆளாவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருப்பார். அவர்களை ஏற்றிவிடவும் கூட்டிவரவும் திருச்சி விமான நிலையத்துக்கு நான் போய்வந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வாசலில் ஒரு காட்சியைப் பார்க்கிறேன். கயிறு கட்டிய பெட்டியைத் தரையில் பிரித்துப்போட்டு, எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் ஒரு குடும்பம் தவித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் வேர்த்துப்போய் நிற்பான். அவனுக்கு அதுதான் முதல் விமானம். முன்கூட்டியே யாராவது பத்து விஷயம் சொல்லியிருந்தால் அந்தத் தவிப்பு இருந்திருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து பறப்பவர்களில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாடு போகிறவர்கள்தான் அதிகம். இந்தியாவில் இப்படிப்பட்ட விமான நிலையங்கள் மிகக் குறைவு. அந்த வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பகுதி புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், பெரம்பலூர், அரியலூர், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். வேலைக்குப் போகிறவர்கள், அவர்களைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள். ஆகவே அங்கே நீங்கள் மட்டும் புதியவர் இல்லை. வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவருக்கும் அது முதல் முறையாக இருக்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

எந்த டெர்மினல்?

விமான நிலையம் திருச்சி - புதுக்கோட்டை சாலையில், மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கிறது. 2009-இல் திறந்த பழைய முனையம் ஒன்று, இப்போது இயங்கும் புது முனையம் ஒன்று. பத்து வருஷத்துக்கு முன்னால் போய்வந்தவர்கள் வழி சொன்னால் அது பழைய கட்டடத்துக்கான வழியாக இருக்கும். ஆட்டோவோ காரோ பிடிக்கும்போது “புது டெர்மினல்” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இந்தப் புதுக் கட்டடம் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய முனையத்தில் இரவு நேரத்தில் அடுத்தடுத்து மூன்று விமானம் இருந்தால் உள்ளே நிற்க இடம் கிடைக்காது. இமிகிரேஷன் வரிசையும் பெட்டி சோதிக்கும் வரிசையும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும். சர்வதேச விமான நிலையம் என்ற தகுதி திருச்சிக்குக் கிடைத்தது 2012-இல். ஆனால் அதற்கேற்ற கட்டடம் இல்லாமல் பல வருஷம் ஓடியது. 2019 பிப்ரவரி 10 அன்று புது முனையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இடையில் கொரோனா வந்து வேலை தள்ளிப்போனது. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்தார். பயணிகள் உள்ளே போனது அந்த வருஷம் ஜூன் 11-இலிருந்து. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். இரண்டு தளம், ஆண்டுக்கு 44 லட்சம் பேரையும், நெரிசல் நேரத்தில் ஒரே சமயம் 3,500 பேரையும் தாங்கும் என்று கணக்கிட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கம் கோபுரத்தின் வண்ணமும் கோலமும் சுவர் ஓவியங்களுமாக உள்ளே நுழைந்ததும் நம் ஊர் என்று தெரிகிறது. முதல் முறை ஊரைவிட்டுப் போகிற ஒரு பையன் கடைசியாகப் பார்க்கிற இடம் நம் ஊர்க் கோலத்தோடு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தேதியில் ஏமாறாதீர்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பணமே போய்விடும். திருச்சியிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகோ விடியற்காலையிலோ கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:40 என்று இருந்தால், அது 14-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணி தாண்டி நாற்பது நிமிடம். அதாவது 14-ஆம் தேதி சாயங்காலச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஊரிலிருந்து கிளம்ப வேண்டும். என் சித்தப்பா மகன் 15-ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றான். விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது டிக்கெட்டுக்கு வீட்டில் நகையை அடகு வைத்தார்கள்.

டிக்கெட் கைக்கு வந்த அன்றே, “எந்தக் கிழமை ராத்திரி வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்” என்று கிழமையோடு எழுதி காலண்டரில் ஒட்டிவிடுங்கள். அப்படியே டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நம்மில் பலருக்கு அப்பா பெயரே இரண்டாம் பெயர். அதில்தான் பிழை நிறைய வருகிறது. தப்பு இருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

காகிதங்கள்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். விசா அல்லது வேலை அனுமதிக் கடிதத்தைக் காகிதத்தில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள். போனில் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். அந்த நேரம் பார்த்துத்தான் சார்ஜ் தீரும். சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கிருந்து வரும் ஐபிஏ கடிதம், அதாவது வேலை அனுமதிக்கான முதல்கட்ட ஒப்புதல் கடிதம், முக்கியம். அதில் எழுதியிருக்கும் சம்பளமும் ஏஜென்ட் வாயால் சொன்ன சம்பளமும் ஒன்றா என்று ஊரிலேயே படித்துப் பாருங்கள். தமிழில் புரியும்படி யாரையாவது சொல்லச் சொல்லுங்கள்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். மலேசியாவுக்கும் இதேபோல் எம்டிஏசி என்ற டிஜிட்டல் அட்டை உண்டு, அதற்கும் மூன்று நாள்தான். இரண்டுமே இலவசம். இதற்குப் பணம் கேட்கிற இணையப் பக்கங்கள் போலியானவை, மூடிவிடுங்கள். மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம். ஆனால் அது சுற்றிப் பார்க்கத்தான், வேலை செய்ய இல்லை.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று அச்சிட்டிருப்பார்கள். அப்படி இருந்தால், 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சிங்கப்பூர் இல்லை. இந்த அனுமதியை இ-மைகிரேட் என்ற அரசு இணையதளம் வழியாக எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கான குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அனுமதியோடு பிரவாசி பாரதிய பீமா என்ற காப்பீடும் எடுப்பார்கள். வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடு அது.

“அதெல்லாம் வேண்டாம், விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறேன், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்” என்று ஒருவர் சொன்னால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அப்படிப் போனவரைத் திருச்சியிலேயே இமிகிரேஷனில் நிறுத்தித் திருப்பி அனுப்பலாம். நிறுத்தாமல் விட்டால் அது இன்னும் மோசம். போன இடத்தில் சம்பளம் கொடுக்காவிட்டாலும் புகார் செய்ய வழியில்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மியான்மர் எல்லைக்குக் கடத்திக்கொண்டுபோய் மோசடி வேலை செய்யவைத்தார்கள். 2022-இல் அவர்களில் சிலரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். பதிவுபெற்ற ஏஜென்டா என்று இ-மைகிரேட் தளத்திலேயே பார்க்கலாம். ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். நம் ஊரில் லட்சக் கணக்கில் கொடுக்கிறோம் என்று எனக்கும் தெரியும். சட்டம் என்ன சொல்கிறது என்றாவது நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெட்டி கட்டுவது

பெட்டிக்கு எத்தனை கிலோ என்பது டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். ஒரே விமானத்தில் ஒருவருக்கு 20 கிலோ, இன்னொருவருக்கு 30 கிலோ, வேறொருவருக்கு ஒன்றுமே இல்லை என்றும் இருக்கும். மலிவு டிக்கெட் என்றால் பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் ஒரு விலை, கவுன்ட்டரில் வாங்கினால் பல மடங்கு. கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ. அதையும் எடை போடுகிறார்கள். ஊர் மளிகைக் கடைத் தராசிலேயே பெட்டியை நிறுத்துப் பாருங்கள், அரை கிலோ குறைவாகவே கட்டுங்கள். என் அக்கா மகன் முதல் முறை போனபோது நாலு கிலோ கூடிவிட்டது. அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து சுட்ட முறுக்கையும் அதிரசத்தையும் வெளியே எடுத்து எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பி வரும்போது காரில் அந்தப் பொட்டலம் அக்கா மடியில் இருந்தது. யாரும் பேசவில்லை.

எதை எங்கே வைப்பது? ஊறுகாய், எண்ணெய், நெய், தேன், குழம்புப் பேஸ்ட் எல்லாம் ஒழுகாமல் கட்டிப் பெரிய பெட்டியில் போக வேண்டும். கைப்பையில் திரவமோ கெட்டிக் குழம்போ 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார்கள். விமானத்துக்குள் பவர் பேங்கில் சார்ஜ் போடவும் கூடாது. தீப்பெட்டி, லைட்டர், கற்பூரம் எதிலும் கூடாது. புது வீட்டுக்குப் பூஜைச் சாமான் கட்டும்போது கற்பூரத்தை மறந்து வைத்துவிடுவார்கள், கவனம். கொப்பரைத் தேங்காயும் கூடாது. அதில் எண்ணெய் அதிகம், சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்காகக் கருதுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் கசகசா. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, சிங்கப்பூர் எங்கேயும் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. ஒரு கைப்பிடிக்காகச் சிறைக்குப் போக நேரிடலாம். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் வெற்றிலையோடு போடுகிற புகையிலை, பான் மசாலாப் பொட்டலம், இ-சிகரெட், சூயிங்கம், உப்புக்கண்டம் எதையும் எடுத்துப்போக வேண்டாம். மாத்திரைகளுக்கு மருத்துவரின் சீட்டு கட்டாயம். வலி மாத்திரை, இருமல் மருந்து, தூக்க மாத்திரை சிலவற்றுக்கு வளைகுடா நாடுகளில் முன் அனுமதி வேண்டும். அம்மாவின் ஆறு மாத மாத்திரையைக் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. “அங்கே என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான்” என்று யார் எதைக் கொடுத்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் பெட்டிக்குள் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

போய்ச் சேருவது

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் முனைய வாசலில் இருக்க வேண்டும். பொதுவாக விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதன் பிறகு அழுதாலும் நடக்காது.

புதுக்கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வழி சுலபம், விமான நிலையத்தைத் தாண்டித்தான் திருச்சிக்குள்ளேயே போக வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமிருந்து காரில் வந்தால், நகருக்குள் நுழையாமல் துவாக்குடியில் அரைவட்டச் சுற்றுச்சாலைக்குத் திரும்பி மாத்தூர் வழியாகப் புதுக்கோட்டைச் சாலையைப் பிடிக்கலாம். பேருந்தில் வருகிறவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 2025-இல் பஞ்சப்பூரில் புதிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் வந்த பிறகு, வெளியூர்ப் பேருந்துகளில் பல மத்தியப் பேருந்து நிலையத்துக்கு வருவதில்லை, அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோவோ டாக்ஸியோ பிடிக்கத் தனி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்தால் ஜங்ஷனிலிருந்து டிவிஎஸ் டோல்கேட், சுப்பிரமணியபுரம் வழியாக வர வேண்டும்.

புதுக்கோட்டைச் சாலையில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். புது முனையம் சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. 1,100 கோடி போட்டுக் கட்டிய இடத்துக்கு, முனைய வாசல் வரைக்கும் எந்நேரமும் ஓடுகிற அரசுப் பேருந்து வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். முதல் மாதச் சம்பளம் கையில் வாங்காதவன்தான் இங்கே அதிகம் பறக்கிறான். அவனுக்கு ஆட்டோக் காசு பெரிய காசு.

ஏற்றிவிட ஒரு வேன் நிறைய ஆள் வருவது நம் வழக்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பிரிகிற நேரத்தில் மனிதர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். அழுகை, ஆசி, போட்டோ எல்லாவற்றையும் வாசலில் முடித்துவிட்டு, பயணியை நேரத்துக்கு உள்ளே அனுப்புங்கள். உள்ளே இருந்து “போர்டிங் பாஸ் வாங்கிவிட்டேன், இமிகிரேஷன் முடிந்தது” என்று போன் வருகிற வரைக்கும் ஒருவராவது வெளியே காத்திருப்பது நல்லது. பெட்டியில் ஏதாவது எடுத்துத் தர வேண்டியிருந்தால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்.

உள்ளே என்ன நடக்கும்

வாசலில் மத்திய தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்ப்பார். உள்ளே போனதும் பெரிய பலகையில் உங்கள் விமான எண்ணைத் தேடுங்கள், எந்தக் கவுன்ட்டர் என்று அதில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் அங்கே சீருடையில் இருக்கும் யாரிடமும் டிக்கெட்டைக் காட்டிக் கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள்தான்.

கவுன்ட்டரில் பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போர்டிங் பாஸ் தருவார்கள். அதோடு பெட்டிக்கான சின்னச் சீட்டு ஒன்றும் ஒட்டித் தருவார்கள். அதைத் தொலைக்காதீர்கள், பெட்டி வராவிட்டால் அதுதான் சாட்சி. வேறு விமானம் மாறிப் போகிறவர்கள், பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகிறதா, நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டுமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது இமிகிரேஷன். முதல் முறை போகிறவர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள். எங்கே போகிறீர்கள், என்ன வேலை, யார் கூப்பிட்டார்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பார்கள். உண்மையை அப்படியே தமிழில் சொல்லுங்கள். யாராவது மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுத்த பதிலைச் சொல்லப்போனால்தான் தடுமாறுவீர்கள். சுற்றுலா விசா என்றால் திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடம், கைச்செலவுப் பணம் கேட்கலாம்.

அடிக்கடி போய்வருகிறவர்களுக்கு நல்ல வசதி ஒன்று வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 11 அன்று திருச்சியிலும் விரைவு இமிகிரேஷன் திட்டத்தைத் தொடங்கினார்கள். இந்தியர்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை உள்ளவர்களும் உள்துறை அமைச்சகத்தின் எஃப்டிஐ-டிடிபி இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, ஒரு முறை கைரேகையும் முகப் படமும் கொடுத்துவிட்டால், அதன் பிறகு வரிசையில் நிற்காமல் தானியங்கிக் கதவு வழியாகப் போய்வரலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருகிறவர்கள் கட்டாயம் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் பாதுகாப்புச் சோதனை. பெல்ட், பர்ஸ், போன், சில்லறை எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட்டு நடக்க வேண்டும். மறுபக்கம் எடுக்கும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். பிறகு போர்டிங் பாஸில் உள்ள கேட் எண்ணைத் தேடிப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். தூங்கிப்போய் விமானத்தை விட்டவர்களும் உண்டு. உள்ளே சாப்பாட்டு விலை அதிகம், வீட்டு இட்லியைக் கட்டிக்கொண்டு போகலாம், சட்னியை மட்டும் விட்டுவிடுங்கள். பணம் மாற்றுவதை ஊரில் அங்கீகாரம் பெற்ற கடையில் ரசீதோடு முடித்துவிடுவது மேல்.

வயதானவர்கள் தனியாகப் போனால்

பேரப்பிள்ளையைப் பார்க்க அம்மாவைத் தனியாக அனுப்புகிற வீடுகள் இப்போது நிறைய. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள், குறைந்தது இரண்டு நாள் முன்னாலாவது. அம்மாவால் நடக்க முடியும் என்றாலும், மொழி தெரியாத இடத்தில் கூடவே ஒரு ஆள் வந்து கவுன்ட்டர், இமிகிரேஷன், கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுவது பெரிய நிம்மதி. இறங்குகிற ஊரிலும் அதே உதவி கிடைக்கும். கழுத்தில் தொங்கும் ஒரு பையில் பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் வையுங்கள், மகன் முகவரி, போன் எண், சாப்பிடும் மருந்துகளின் பெயர் இவற்றை ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதி அதே பையில் வையுங்கள்.

விமானத்தில் போக அவர்களுக்குப் பயம் இருந்தால் பேசித் தைரியம் சொல்லுங்கள். 2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து சார்ஜா கிளம்பிய ஒரு விமானம், ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. டிவியில் பார்த்து ஊரே கலங்கியது. எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைத்துவிட்டு இறங்குவதற்காகத்தான் அப்படிச் சுற்றினார்கள். உள்ளே இருந்த எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள்.

ஏன் இன்னும் அதிக விமானம் இல்லை?

“இவ்வளவு பெரிய கட்டடம் இருக்கிறதே, துபாய்க்கு ஏன் டிக்கெட் கிடைக்கவில்லை” என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். காரணம் கட்டடத்தில் இல்லை. எந்த நாட்டு விமான நிறுவனம் இந்தியாவில் எந்த ஊருக்கு வரலாம் என்பதை இரு நாட்டு அரசுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் முடிவு செய்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தத்தில் திருச்சியின் பெயர் இல்லை. அதனால் திருச்சியிலிருந்து அங்கே நம் இந்திய நிறுவனங்கள் மட்டும்தான் பறக்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, இலங்கைக்கு அந்தத் தடை இல்லை என்பதால்தான் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இத்தனை விமானம். வளைகுடாவுக்கு நேர் விமானம் விலை ஏறியிருந்தால் கொழும்பு வழியாகப் பாருங்கள். ஆஸ்திரேலியா, ஜப்பான் பக்கம் போகிறவர்கள் சென்னைக்குப் போகாமலே சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் மாறிப் போகலாம். யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்து நேரடிச் சேவை தொடங்கினார்கள். இரண்டு பக்கமும் உறவுகளை வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு தடை ஓடுதளம். அதன் நீளம் சுமார் 2,480 மீட்டர். நடுவில் ஒற்றை நடைவழி உள்ள நடுத்தர விமானங்களுக்கு அது போதும். பெரிய விமானம் முழுச் சுமையோடு நெடுந்தூரம் பறக்க நீளம் பத்தாது. நீட்டுவதற்கு நிலம் வேண்டும், அதில் ராணுவ நிலமும் அடங்கும், அதனால் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டு போகிறது. காய்கறியும் பூவும் வெளிநாட்டுக்குப் போகிற ஊர் இது. ஓடுதளம் நீண்டால் நம் விவசாயிக்கும் அதில் பங்கு உண்டு. முனையத்துக்குக் காட்டிய அக்கறையை இதற்கும் ஒப்பந்தத்துக்கும் அரசுகள் காட்ட வேண்டும்.

திரும்பி வரும்போது

இறங்கியதும் இமிகிரேஷன், பெட்டி எடுப்பது, கஸ்டம்ஸ் என்ற வரிசையில் நடக்கும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய உறவினர்கள் இ-விசாவில் திருச்சிக்கே நேராக வரலாம். 2025 அக்டோபர் 1 முதல் அவர்கள் வருகைக்கு முன்பே இணையத்தில் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும்.

கஸ்டம்ஸில் தங்கம்தான் பேச்சு. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் வரை நகையாக வரியில்லாமல் கொண்டுவரலாம். நகைக்குத்தான் அந்தச் சலுகை, கட்டிக்கும் காசுக்கும் இல்லை. அதற்கு மேல் இருந்தால், வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரியைக் கட்டிவிடுங்கள். “இந்தச் சங்கிலியை மட்டும் போட்டுக்கொண்டு போ, வெளியே ஒருவர் வாங்கிக்கொள்வார், டிக்கெட் செலவு என்னுடையது” என்று நீங்கள் கிளம்பும் வெளிநாட்டில் யாராவது கேட்பார்கள். அதற்குப் பெயர்தான் குருவி வேலை. மாட்டினால் தங்கம் போகும், வழக்கு வரும், கேட்டவர் போனை எடுக்கமாட்டார்.

கூட்டிப்போக வருகிறவர்கள் விமானம் இறங்கும் நேரத்துக்கே வந்து அவசரப்பட வேண்டாம். பெட்டியெல்லாம் எடுத்துக்கொண்டு வெளியே வர முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். வருகிறவரின் இந்திய சிம் பல மாதம் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும், போன் போகாது. ஆகவே வருகை வாசலுக்கு எதிரில் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று அவர் விமானம் ஏறும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.